குழந்தை, குருவி, பொம்மை: வீட்டுப் படங்களும் அவற்றைக் காட்டும் முறையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பிய, அமெரிக்கப் போட்டோ ஸ்டுடியோக்களில் பித்தளையால் செய்த ஒரு சின்னப் பறவை இருக்கும். அதன் வயிற்றில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நீண்ட குழாயின் முனையிலுள்ள ரப்பர் பந்தை அழுத்தினால் காற்று தண்ணீருக்குள் புகுந்து கீச்சிடும். கேமராவின் பக்கத்தில் அதைப் பொருத்தி வைப்பார்கள். அம்மாவின் மடியிலிருக்கும் குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பும். அந்த நொடியில் படம் எடுத்துவிடுவார்கள்.

அதற்கு முந்தைய தலைமுறையின் பாடு இன்னும் கஷ்டம். தகட்டில் உருவம் பதியப் பல நொடிகள் ஆகும். அதுவரை குழந்தை அசையாமல் இருக்க வேண்டும். ஆகவே அம்மாவையே நாற்காலிபோல உட்காரவைத்து, தலையோடு ஒரு துணியைப் போர்த்தி, அந்தத் துணியின்மேல் குழந்தையை வைத்து எடுத்தார்கள். துணிக்குள் மறைந்த அம்மாக்களின் படங்கள் இன்று அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் கிடைக்கின்றன. சிலவற்றில் துணிக்கு வெளியே ஒரு கை மட்டும் தெரியும். குழந்தையின் இடுப்பை அழுத்திப் பிடித்திருக்கும் கை அது.

குழந்தையும் பறவையும் பொம்மையும் ஒன்றாகக் கூடிய பொருள் அந்தப் பித்தளைப் பறவை. இன்று ஒரு குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவைக் காலையில் திறந்தாலும் இவை மூன்றும்தான் கண்ணில் படுகின்றன: குப்புற விழுந்த பேரன், முருங்கை மரத்துத் தேன்சிட்டு, நவராத்திரிக்கு வாங்கிய புதுச் செட்டியார் பொம்மை. இவற்றை வெட்டிப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த எண்ணம் இல்லை. ஒரு காலத்தின் வீடு எப்படி இருந்தது என்பதை மேடைப் படங்களைவிட இந்தச் சாதாரணப் படங்கள்தான் நேர்மையாகச் சொல்கின்றன. அதனால்தான் அவை எப்படிச் சேமிக்கப்படுகின்றன, யாருக்குக் காட்டப்படுகின்றன என்பதில் நமக்கு அக்கறை வேண்டும் என்கிறேன். தன்னைப் படமெடுக்கலாமா, எடுத்ததை யாருக்குக் காட்டலாம் என்று சொல்ல இந்த மூன்றுக்கும் வாயில்லை. பொறுப்பு முழுக்கப் படம் எடுப்பவர் தலையில் விழுகிறது.

ஸ்டுடியோவைவிட்டு கேமரா வீட்டுக்கு வந்த கதையிலும் பொம்மை இருக்கிறது. 1900ஆம் ஆண்டு ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் ‘பிரௌனி’ என்ற அட்டைப்பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்பனைக்கு விட்டது. ஆறு படம் எடுக்கக்கூடிய ஃபிலிம் சுருள் 15 சென்ட். பாமர் காக்ஸ் என்ற ஓவியர் வரைந்த, அன்றைய குழந்தைகளுக்கு நன்கு தெரிந்த குட்டிச் சித்திரக் குள்ளர்களின் பெயரைத்தான் கேமராவுக்கு வைத்தார்கள். பெட்டியின்மேல் அவர்களின் படங்களும் இருந்தன. பெரியவர்களின் கருவியாக இருந்த கேமரா, சிறுவர்களின் கைக்கு எட்டும் விலையில் அவர்களுக்கென்றே வந்தது.

குழந்தையின் கையில் கேமராவைக் கொடுத்தால் அது எதை எடுக்கும்? பிரான்ஸில் 1894இல் பிறந்த ஜாக் ஆன்றி லார்த்திக் இதற்கு நல்ல சான்று. வசதியான வீட்டுப் பிள்ளை. ஏழெட்டு வயதிலேயே கேமரா கிடைத்துவிட்டது. 1905இல் தன் அறைத் தரையில் பொம்மைப் பந்தயக் கார்களைப் பரப்பிவைத்து ஒரு படம் எடுத்தான். கேமராவைத் தரையோடு தரையாக வைத்திருக்கிறான். பெரியவர்கள் குனிந்து பார்க்கும் உயரம் அதில் இல்லை. கார்களுக்கிடையே படுத்துக்கொண்டு பார்க்கும் உயரம்தான் இருக்கிறது. 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவரது படங்களைக் காட்சிக்கு வைத்தபோதுதான் உலகம் அவரைக் கவனித்தது. அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை அவை குடும்ப ஆல்பங்களில் ஒட்டி வைத்த படங்கள், அவ்வளவுதான்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவும் அவருடைய சகாக்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வு, சாதாரண மக்களின் போட்டோ பழக்கத்தை ஆராய்ந்த முன்னோடி நூல்களில் ஒன்று. கேமரா வைத்திருப்பதற்கும் வீட்டில் குழந்தை இருப்பதற்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை அவர்கள் கண்டார்கள். பெரும்பாலானவர்கள் விசேஷ நாட்களிலும் விடுமுறைகளிலும் மட்டுமே கேமராவைத் தொட்டார்கள். குடும்பம் தன்னைத் தானே உறுதிப்படுத்திக்கொள்ளும் சடங்கு என்று பூர்தியூ இதை விளக்குகிறார். எனக்கு இந்த விளக்கம் பாதிதான் போதுமானதாகப் படுகிறது. சடங்குக்காக எடுத்த படத்தின் ஓரத்தில் தற்செயலாக விழுந்த கயிற்றுக் கட்டிலும் கொடியில் காயும் துணியும்தான் ஐம்பது வருஷம் கழித்துப் பார்ப்பவரை நிறுத்தி வைக்கின்றன.

தமிழ்நாட்டில் வெகுகாலம் கேமரா வீட்டுக்கு வரவில்லை. வீடுதான் ஸ்டுடியோவுக்குப் போனது. குழந்தை தலை நின்று குப்புற விழத் தொடங்கிய மாதத்தில் கூட்டிப்போய் ஒரு படம் எடுப்பது பல வீடுகளில் வழக்கம். அந்தப் படங்களுக்கு ஓர் இலக்கணமே உண்டு. வெல்வெட் துணி விரித்த மேஜை, அதன்மேல் குப்புறப் படுத்து நிமிர்ந்து பார்க்கும் குழந்தை, இடுப்பில் அரைஞாண், கையில் கருவளையல், கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. பக்கத்தில் ஸ்டுடியோக்காரரின் பிளாஸ்டிக் வாத்தோ கரடி பொம்மையோ இருக்கும். அந்தக் கரடி அந்த ஊரில் பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் பொதுச்சொத்து. பெண் குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் பூ வைத்துத் தைத்த ஜடை கண்ணாடியில் தெரியும்படி இன்னொரு படம்.

எங்கள் வீட்டு ஆல்பத்தில் என் அத்தையின் படம் இப்படித்தான் இருக்கிறது. கன்னத்துப் பொட்டு உருவத்தைவிடக் கறுப்பாகப் பதிந்திருக்கிறது. மேல் ஓரத்தில் வாயைக் குவித்து ஒலி எழுப்பும் யாரோ ஒருவரின் தோளும் கிலுகிலுப்பை பிடித்த விரல்களும் மங்கலாக விழுந்திருக்கின்றன. அட்டையின் பின்புறம் பென்சிலால் ஸ்டுடியோக்காரர் எழுதிய எண். அதன் கீழே தாத்தா மையால் எழுதிய தமிழ் மாதமும் தேதியும் ‘ஏழாம் மாதம், முதல் பல்’ என்ற குறிப்பும். கிலுகிலுப்பை யாருடையது என்று சொல்ல இன்று ஆளில்லை. பல் வந்த மாதம் மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, மானுடவியலாளர் ஸோயி ஹெட்லியின் முயற்சியில் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களை எண்மப்படுத்தும் பணி நடந்தது. ஏறத்தாழ 1880 முதல் 1980 வரையிலான ஒரு நூற்றாண்டுப் படங்களைத் தேடிப் பிடிக்கும் வேலை. ஈரமும் வெக்கையும் பூஞ்சையும் கண்ணாடித் தகடுகளையும் ஃபிலிம் நெகட்டிவ்களையும் தின்றுவிடுகின்றன. கடை மூடும்போது குப்பைக்கோ பழைய சாமான் வியாபாரிக்கோ போய்விடுகின்றன. தப்பிப் பிழைத்த படங்களிலும் ஒரு சிக்கல்: ஸ்டுடியோவில் இருப்பது நெகட்டிவ், பெயர் எழுதிய அட்டை இருப்பது வீட்டில். இரண்டும் பிரிந்துவிட்டால் முகம் மிஞ்சும், ஆள் யாரென்று தெரியாது. உடையையும் நகையையும் திரைச்சீலையையும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

எண்முறைப் படத்தின் வரலாறும் குழந்தைகளின் முகத்தோடுதான் தொடங்குகிறது. 1957இல் அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் அலுவலகத்தில் ரஸல் கிர்ஷ் என்ற கணிப்பொறியாளர், அச்சுப்படத்தைக் கணிப்பொறிக்குள் செலுத்தும் ஸ்கேனர் ஒன்றை உருவாக்கினார். சோதித்துப் பார்க்க அவர் எடுத்துக்கொண்டது தன் மூன்று மாதக் கைக்குழந்தையின் படம். ஐந்து சென்டிமீட்டர் சதுரம். 176க்கு 176 புள்ளிகள், அதாவது மொத்தம் 30,976. இன்றைய கைபேசியில் வரும் சிறு முகப்படத்தைவிடக் கரடுமுரடானது. ஆனாலும் அது ஒரு குழந்தை என்பது பார்த்தவுடனே தெரிகிறது.

நாற்பது வருஷம் கழித்து, 1997 ஜூன் 11 அன்று, கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஃபிலிப் கான் என்ற மென்பொருள் தொழில்முனைவர் காத்திருந்தார். மனைவிக்கு வலி எடுத்திருந்தது. கையிலிருந்த டிஜிட்டல் கேமராவையும் கைபேசியையும் மடிக்கணினியையும் அவர் அங்கேயே இணைத்து, பிறந்த மகளின் படத்தை உறவினரும் நண்பரும் சகாக்களுமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உடனே அனுப்பினார். கைபேசி வழியாக உடனுக்குடன் பகிரப்பட்ட முதல் படம் என்று இதைச் சொல்கிறார்கள். இதில் என்னை யோசிக்கவைப்பது தொழில்நுட்பத்தைவிட அந்த எண்ணிக்கைதான். பிரௌனியில் ஆறு படம், ஆக்ஃபா கிளிக் கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம் என்று எண்ணி எண்ணி எடுத்த காலத்தில், குழந்தையின் படத்தைப் பார்த்தவர்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டியவர்கள். பக்கத்தில் அம்மாவோ பாட்டியோ இருந்து ஒவ்வொரு படத்துக்கும் கதை சொன்னார்கள். ஃபிலிப் கான் அனுப்பிய படத்தை, அப்பா பக்கத்தில் இல்லாமலே, இரண்டாயிரம் பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள்.

இன்று ஒரு வாட்ஸ்அப் குழுவிலேயே 1,024 பேர் இருக்கலாம். படங்கள் பெருகியிருக்கின்றன, குறிப்புகள் அருகிவிட்டன. கைபேசி எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதி, நேரம், அனுமதித்திருந்தால் இடம் ஆகியவை தானாகவே பதிகின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது; இந்த உள்தகவலும் கழன்றுவிடுகிறது. பெறுபவரின் கைபேசியில் கோப்பின் பெயரில் ஒரு தேதி இருக்கும். அது படம் வந்த தேதி, எடுத்த தேதி இல்லை. 1975இல் எடுத்த அத்தையின் படத்தை யாராவது பொங்கலன்று குழுவில் போட்டால், அது அந்தப் பொங்கலின் படமாகத்தான் பதிவாகும். இருபது வருஷம் கழித்து இந்தக் குவியலைக் கிளறப்போகிற பேரப்பிள்ளைக்கு, தாத்தா மையால் எழுதிய அந்த ஒரு வரி அளவுக்குக்கூடத் தகவல் கிடைக்காது.

அதே கைபேசியை வைத்துக்கொண்டு, படத்தைக் குறிப்போடு சேமிப்பதைச் சரியாகச் செய்கிற ஒரு கூட்டம் இருக்கிறது: வீட்டுத் தோட்டத்தில் பறவை பார்ப்பவர்கள். குழந்தைப் படம் எடுப்பவர்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்லவந்தது.

பறவைப் படத்தின் வரலாறும் வீட்டுப் பக்கத்திலிருந்தே கிளம்பியது. இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள், ரிச்சர்டும் செர்ரியும், 1892இல் முட்டைகளோடு கூடிய ஒரு குருவிக் கூட்டைப் படமெடுத்தார்கள். 1895இல் பறவைக் கூடுகளைப் பற்றி அவர்கள் வெளியிட்ட நூலின் படங்கள் முழுக்க முழுக்க நேரடிப் புகைப்படங்கள். பறவைகள் மிரளாமல் இருக்க, உள்ளே ஆள் ஒளிந்துகொள்ளும்படி ஒரு பொய்மாட்டைத் தோலால் செய்து வயலில் நிறுத்தியவர்கள் அவர்கள். சென்னையில் மா. கிருஷ்ணன் (1912–1996), எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், 1950 முதல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதினார். தமிழிலும் எழுதினார், கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். யானையையும் கலைமானையும் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கையையும் மைனாவையும் அணிலையும் பற்றி எழுதினார். அரிய உயிருக்கு மட்டும்தான் கவனம் என்ற பழக்கத்தை உடைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

அந்தக் கவனம் இன்று ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பரவியிருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 1998இல் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கின. பிப்ரவரியில் நான்கு நாள், ஒரு தடவைக்குக் குறைந்தது பதினைந்து நிமிடம். 2013இல் இந்தியாவும் சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களிலேயே தனியாகப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பறவைக் குறிப்புகளைப் பதியும் இ-பேர்ட் இணையதளத்தில் போடும் பட்டியலில் தேதி, நேரம், இடம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எத்தனை பறவைகள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். இவை இருந்தால்தான் ஒரு தவிட்டுக்குருவிப் படத்துக்கு மதிப்பு. படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, இனத்தை அடையாளம் காண முடிந்தால் போதும்.

பலன் என்ன? 2020இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த ஒரு கோடிக்கும் மேலான தகவல்களை வைத்து 867 இனங்களை மதிப்பிட்டது. சிட்டுக்குருவியைப் பற்றி அது சொன்னது பலருக்கும் ஆச்சரியம். நாடு முழுக்கப் பார்த்தால் அதன் எண்ணிக்கை பெரிய மாற்றமில்லாமல் இருக்கிறது. சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற பெருநகரங்களில்தான் படிப்படியாகக் குறைந்துவருகிறது. செல்போன் கோபுரத்தால் குருவி அழிந்துவிட்டது என்று குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்த பேச்சுக்கு நடுவே, மாடியிலும் கொல்லையிலும் நின்று எண்ணியவர்களின் குறிப்புகள்தான் தெளிவான பதிலைத் தந்தன. 2023 அறிக்கையில் ஆர்வலர்களின் எண்ணிக்கை முப்பதாயிரத்தையும் இனங்களின் எண்ணிக்கை 942ஐயும் எட்டின.

இவர்கள் எதைக் காட்டக் கூடாது என்பதிலும் கண்டிப்பானவர்கள். தையல்சிட்டின் கூட்டை எடுத்துக்கொள்வோம். அகலமான ஓர் இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சு நூலும் சிலந்தி இழையும் கோத்து, இலையைச் சுருட்டித் தைத்து, அதற்குள் மென்மையான பஞ்சை நிரப்பும். வெளியிலிருந்து பார்த்தால் செடியில் இன்னோர் இலை. அதைப் படமெடுக்க ஒருவர் முன்னால் தொங்கும் இலையை விலக்குகிறார், இல்லாவிட்டால் கிள்ளிவிடுகிறார். நல்ல வெளிச்சம் கிடைக்கிறது. அந்த வெளிச்சத்தோடு வெயிலும் குஞ்சுகள்மேல் விழுகிறது. எதிர்வீட்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கும் வழி தெரிந்துவிடுகிறது. படம் குழுவில் வந்ததும் இன்னும் நான்கு பேர் கேமராவோடு வருகிறார்கள். தாய்ப்பறவை கிளையருகே பதறிச் சுற்றிச் சுற்றிக் கத்தும். அதனால்தான் கூட்டையும் குஞ்சையும் எடுக்காதீர்கள், எடுத்தாலும் போடாதீர்கள் என்று பல பறவைக் குழுக்கள் விதி வைத்திருக்கின்றன. வேட்டைக்கும் கடத்தலுக்கும் ஆளாகும் இனங்களின் சரியான இடத்தை இ-பேர்ட் தளம் தானே மறைத்துவிடுகிறது. குறிப்பை முழுமையாக எழுதிவை. இடத்தை எல்லாருக்கும் சொல்லாதே. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரணில்லை என்பதை அவர்கள் நடைமுறையில் காட்டியிருக்கிறார்கள்.

பொம்மைக்கு இந்தக் கவலை ஏதுமில்லை; எத்தனை பேர் பார்த்தாலும் அதற்கு நஷ்டமில்லை. ஆனால் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. மாதாமாதம் ஒரே பொம்மையின் பக்கத்தில் குழந்தையைக் கிடத்திப் படமெடுக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. முதல் மாதம் தஞ்சாவூர்த் தலையாட்டி குழந்தைக்குச் சமமாக நிற்கிறது. பன்னிரண்டாம் மாதம் அதைத் தூக்கிப் போட்டு விளையாடுகிறது குழந்தை. பொம்மை வளராததால்தான் அது அளவுகோலாகிறது. முகம் தெரியாமலே ஒரு குழந்தையின் வளர்ச்சியைச் சொல்லவும் அது உதவும்: மரப்பாச்சியின் கையைப் பற்றியிருக்கும் விரல்கள் மட்டும் தெரிந்தால்கூடப் பாட்டிக்குப் போதும்.

ஆனால் குழந்தைக்கு, பொம்மைக்கு இல்லாத எதிர்காலம் என்று ஒன்று இருக்கிறது. ஏவிஜி என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் 2010இல் பத்து வளர்ந்த நாடுகளின் தாய்மார்களிடம் நடத்திய ஆய்வில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 81 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே இணையத்தில் ஏதாவது ஒரு தடம் இருந்தது; 23 சதவீதம் பேருக்குப் பிறக்கும் முன் எடுத்த ஸ்கேன் படமே ஏறிவிட்டிருந்தது. அந்த ஆய்வில் வந்த குழந்தைகள் இன்று பதின்ம வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். முகத்தைக் கொண்டு ஆளைத் தேடும் மென்பொருளும், ஒரே படத்திலிருந்து பொய்ப்படம் புனையும் மென்பொருளும் அவர்கள் வளர்வதற்குள் சாதாரணமாகிவிட்டன. குளிக்கும் தொட்டியிலிருந்த படத்தைப் போட்டபோது பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. இப்போது நமக்குத் தெரியும்.

பிரான்ஸ் 2024 பிப்ரவரியில் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. குழந்தையின் பட உரிமையைத் தாயும் தந்தையும் சேர்ந்து காக்க வேண்டும். குழந்தையின் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும். இருவருக்கும் கருத்து மாறுபட்டால், ஒருவர் மற்றவரின் சம்மதமின்றிப் படம் போடக் கூடாது என்று நீதிபதி தடுக்கலாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்கிறது. குழந்தைகளைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. ஆனால் தனிநபர் தம் வீட்டுத் தேவைக்காகத் தகவலைக் கையாள்வது அந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே இருக்கிறது. இது நியாயம்தான், பாட்டிக்குப் படம் அனுப்பச் சட்டம் குறுக்கே வரக் கூடாது. ஆகவே பாட்டி எங்கே முடிகிறாள், ஊர் எங்கே தொடங்குகிறது என்பதை நம் வீட்டில் நாம்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

கணிசமான தமிழ்க் குடும்பங்களில் இன்று பேரன் பேத்தி பிறப்பது கடல் தாண்டி. டொரன்டோவில் பிறந்த குழந்தை யாழ்ப்பாணத்து அப்பம்மாவுக்கும், டல்லஸில் பிறந்த குழந்தை திருநெல்வேலி ஆச்சிக்கும் படமாகத்தான் அறிமுகமாகிறது. படமே அனுப்பாதீர்கள் என்று இவர்களிடம் யாராலும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நானூறு பேர் பார்க்கும் ஸ்டேட்டஸில் போடுவதற்குப் பதில் ஆறு பேர் உள்ள குழுவில் போடலாம். பள்ளிச் சீருடையும் வீட்டு வாசல் எண்ணும் தெரியாமல் எடுக்கலாம். அழுகிற, குளிக்கிற, நோயில் கிடக்கிற படங்களைத் தையல்சிட்டின் கூட்டைப்போலப் பாவித்துவிடலாம். உள்தகவல் கழன்றுபோகாமல் இருக்க, மூலப் படத்தை ஆவணமாக அனுப்பினால் தேதியும் சேர்ந்து போகும். இடமும் சேர்ந்து போகும் என்பதால், அதை நெருங்கியவர்களுக்கு மட்டும் அனுப்ப வேண்டும். வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு படங்களையாவது அச்சடித்து, யார் எடுத்தது, எந்த ஊர், எத்தனையாம் மாதம், பக்கத்தில் நிற்கும் ஆள் யார் என்று பின்னால் பென்சிலால் எழுதிவைக்கலாம். வழவழப்பான புகைப்படத் தாளில் பேனா மை சீக்கிரம் உலராமல் அடுத்த படத்தில் ஒட்டிக்கொள்ளும்; மென்மையான பென்சிலே நல்லது. அழுத்தி எழுதினால் எழுத்து முன்பக்கத்தில் குழந்தையின் முகத்தில் தடமாகத் தெரியும். ஆகவே ஓரமாக, படத்தில் முகம் இல்லாத இடத்துக்குப் பின்னால் எழுத வேண்டும்.